நெட் வரும் நேரம்: காலை ஐந்தரை முதல் ஏழு வரை

இணையத்தைக் கண்டுபிடித்தவர் யாராக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு ஒழுக்கம் கற்பித்த பெருமை மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப், தாமிரபரணி வீட்டுவசதி சொசைட்டியையே சேரும். ஏழு பேர் கொண்ட அதன் நிர்வாகக் கமிட்டியில் அடியேன் துணைச் செயலாளர் என்பதை மிகுந்த அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

சுற்றிலும் இருபது மாடிக் கட்டிடங்கள் எழும்பியதில், எங்கள் வீடுகளுக்குள் போன் சிக்னல் செத்துப்போனது. எனவே சொசைட்டி ஒரு பொது வைஃபை வாங்கியது. வாங்கிய அன்றே கமிட்டி கூடியது. நாற்பது ஆண்டுகளாகத் தண்ணீர் விநியோகித்த கமிட்டி. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வந்தால் அதை என்ன செய்ய வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். மூட வேண்டும்.

"நாள் பூரா தொறந்து கெடந்தா கீழ்வீட்டுக்காரன் மொத்தத்தையும் இழுத்துருவான்வே. மேல பிரஷர் வராது" என்றார் செயலாளர் ஞானதுரை அண்ணாச்சி. கிங்ஸ் சர்க்கிளில் பாத்திரக்கடை வைத்திருப்பவர்.

தீர்வு பிறந்தது. கமிட்டி அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் 'ப்ராக்ஸி' ஆக நியமிக்கப்பட்டது. எந்த வீட்டுப் போனும் அதன் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். அது அணைந்திருந்தால் போக வழியில்லை. நாங்கள் வீடு வீடாக ஏறினோம். ஒவ்வொரு போனிலும் வைஃபை அமைப்பைத் திறந்து, ப்ராக்ஸி என்ற இடத்தில் 'ஏதுமில்லை' என்றிருந்ததைக் 'கைமுறை' என்று மாற்றி, கம்ப்யூட்டரின் முகவரியையும் போர்ட் எண்ணையும் எங்கள் கையாலேயே பதிந்தோம். எண்பத்து நான்கு போன்கள். தியாகம் என்றால் அது.

கம்ப்யூட்டரைப் போட்டு அணைக்கும் பொறுப்பு தண்ணீர் வால்வு திறக்கும் பிச்சையாவிடம் ஒப்படைக்கப்பட்டது. மனிதர் இரண்டு தடவை வர மாட்டார். ஆகவே காலை ஐந்தரை முதல் ஏழு வரை, தண்ணீரோடு சேர்த்து நெட்.

"நெட் வந்தாச்சேய்!" என்று அவர் படிக்கட்டில் குரல் கொடுத்ததும் கட்டிடமே எழுந்துகொள்ளும். கோமதியம்மாள் ஒரு கையால் டிரம்மை நிரப்புவார். மறுகையால் அன்றைக்கு வேண்டிய சீரியல்களைப் பிடித்து வைப்பார். மூன்றாம் மாடியில் நெட் மெதுவாக வருகிறது என்று புகார் வந்தபோது, இரண்டாம் மாடிக்காரர் போனில் மோட்டார் மாட்டி இழுக்கிறாரா என்று நேரில் சென்று ஆய்வு செய்தோம். மாட்டவில்லை. இனி மாட்டக்கூடாது என்று எச்சரித்துவிட்டு வந்தோம்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கமிட்டி கூடியிருந்தபோது ஷாலினி உள்ளே வந்தாள். மூன்றாம் மாடி வேல்ராஜின் மகள். அப்பா வேலை பார்த்த பட்டறை மூடி எட்டு மாதமாகிறது. சான்பாடாவில் ஒரு கம்பெனி அவளைப் பதினோரு மணிக்கு வீடியோவில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது.

"அண்ணாச்சி, ஒரு மணி நேரம் நெட்டைச் சாலு பண்ணச் சொல்லுங்க."

"காலைல அஞ்சரைக்கு வச்சிரச் சொல்லேன், தாயி."

"அப்ப கம்பெனிக்காரங்க தூங்குவாங்க."

"சோம்பேறிக் கம்பெனி. அங்கயெல்லாம் போவாத."

"அப்ப ரோட்டுல நின்னு பேசட்டா? லாரி ஹாரனுக்குத்தான் வேலை கெடைக்கும்."

பிச்சையாவை அழைத்துத் தொழில்நுட்ப ஆலோசனை கேட்டோம்.

"ஒரு வீட்டுக்கு மட்டும் தொறக்க முடியாதுங்க. தொறந்தா எல்லாருக்கும் வரும்."

"எல்லாருக்குமா!" தலைவர் வெயிலுமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

எழுத்து மூலம் விண்ணப்பிக்கச் சொன்னோம். எழுதினாள். மூன்று நகல் கேட்டோம். எழுதினாள். மணி பத்து ஐம்பது. 'கூடுதல் சப்ளை கோரும் மனு' விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட அந்தப் புனிதமான கணத்தில், அண்ணாச்சியின் சட்டைப்பையிலிருந்து நாதஸ்வரம் கிளம்பியது. அவசரமாகப் போனை வெளியே எடுத்தார். திரையில் ஊர் அம்மன் கோயில் கொடை விழா.

ஷாலினி எட்டிப் பார்த்தாள். "இது சப்ளை நேரமா அண்ணாச்சி?"

"காலைலயே புடிச்சு வச்சதும்மா."

"நேரலைன்னு போட்டிருக்கு?"

"நேரலையத்தான் புடிச்சு வச்சேன்."

அவள் அண்ணாச்சியின் போனை உருவி, வைஃபை அமைப்பைத் திறந்தாள். ப்ராக்ஸி: 'ஏதுமில்லை'. பிறகு ஒவ்வொருவராக எங்களைப் பார்த்தாள். நான் என் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

தன் போனில் 'கைமுறை'யை எடுத்து 'ஏதுமில்லை' ஆக்கினாள். பிச்சையா திறக்காமலேயே நெட் வந்தது.

"எல்லாரும் வெளிய போங்க. எனக்கு அமைதியான ரூம் வேணும்."

போனோம். ஆனால் கடமையைக் கைவிடவில்லை. படிக்கட்டில் நின்றபடியே கூட்டத்தைத் தொடர்ந்து, அவளுடைய மனுவை ஒருமனதாக நிராகரித்தோம்.

வேலை கிடைத்துவிட்டது. கமிட்டியின் கண்டிப்பால்தான் இந்த முன்னேற்றம் என்று பாராட்டுத் தீர்மானம் தயாராகிறது. இதற்கிடையில் ஷாலினி மாடி மாடியாக ஏறி எண்பத்து நான்கு போன்களையும் சரிசெய்துவிட்டாள். ப்ராக்ஸியே பதியாத போன்கள் முதலிலிருந்தே ஏழுதான். கமிட்டியிலும் ஏழு பேர்தான்.

ஏழு மணிக்கு மேல் எங்கள் வீட்டுக் குழாய்களை அவள் இன்னும் திறந்து பார்க்கவில்லை.