டிரெசர் வீட்டுச் சின்னத்துரை

மலாக்காவை மூலை முடுக்கெல்லாம் சலித்துப் பார்த்தாலும் எங்கள் டிரெசரைப் போல் இன்னொருவர் கிடைக்கமாட்டார். மனிதர்கள் எல்லாரையும் அவர் 'நீ' என்பார். தன் நாயை மட்டும் 'நீங்க' என்பார்.

சுங்கை ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அங்கிருந்த ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் மருந்து கொடுப்பது, காயம் கட்டுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் டிரெசர்தான். பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். யாரும் கேட்டதில்லை.

நான் அப்போது மலாக்கா டவுனில் ஓர் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்குக் கொஞ்சம் நீளமாகவே லீவு போட்டு, அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த அக்காவைப் பார்க்கப் போனேன். அக்கா வீட்டில் மச்சானின் சொந்தக்காரர்கள் அடுப்படி வரை படுத்திருந்தார்கள்.

"டிரெசர் வீடு காலியாத்தான் கெடக்கு, அங்க போய்ப் படுத்துக்கடா" என்று அக்கா ஒரு பாயைக் கையில் கொடுத்துவிட்டாள்.

வீடு காலியாக இல்லை. வாசலில் செம்பட்டை நிறத்தில் ஒரு நாய் நின்றது. என் பையை வாயால் வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தது. திரும்பி வந்து என் காலையே பார்த்தது.

"செருப்பக் கழட்டச் சொல்றாரு" என்றார் உள்ளேயிருந்து டிரெசர்.

தஞ்சோங் கிளிங் கடற்கரையில் ஒரு படகுக்கடியில் குட்டியாகக் கிடந்த நாட்டு நாய் அது. டிரெசர் அதற்குச் சின்னத்துரை என்று பெயர் வைத்திருந்தார். தோட்டத்தில் வெள்ளைக்கார மானேஜர் பெரிய துரை, அவருக்கு அடுத்தவர் சின்னத்துரை. மலாயாவின் அவசரகாலத்தில் காட்டுக்குள் துப்பாக்கியோடு கம்யூனிஸ்டுகள் இருந்ததால் அந்த வேலைக்குச் சீமையிலிருந்து யாரும் வரவில்லை. ஒருநாள் டிரெசர், "சின்னத்துரை, உட்காருங்க" என்று சொன்னது பெரிய துரை காதில் விழுந்துவிட்டது. அவருக்கு நன்றாகத் தமிழ் தெரியும். கூப்பிட்டு விசாரித்தார். வேலை காலியாகத்தானே இருக்கிறது, ஆள் வந்ததும் நாயை விலக்கிவிடுகிறேன் என்றாராம் டிரெசர். பெரிய துரை நாயை மேலும் கீழும் பார்த்தார். போன சின்னத்துரையைவிட இது தேவலை என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

என் லீவு எனக்குச் சொந்தமில்லை என்பது மறுநாளே தெரிந்தது. விடியும்போது போர்வை தானாக நகர்ந்தது. கண்ணைத் திறந்தால் மறுமுனை சின்னத்துரை வாயில். என் கால் சப்பாத்துகள் ஏற்கனவே தலைமாட்டில் வந்து உட்கார்ந்திருந்தன. முள்கம்பி வேலியை ஒட்டித் தோட்டத்தைச் சுற்றி ஓட வேண்டும். முன்னால் டிரெசர், நடுவில் நான், பின்னால் நாய். நான் நடந்தால் அது என் கெண்டைக்காலை மூக்கால் இடிக்கும். நின்றால் முன்னால் வந்து உட்கார்ந்து, இப்படி ஒரு பிள்ளையா என்பதுபோல் பார்க்கும்.

"ஒன்னைப் பழக்க நாளாகும் தம்பி. ஆனா அவருக்குப் பொறுமை ஜாஸ்தி" என்பார் டிரெசர்.

அதைவிட வேடிக்கை மலேரியா மாத்திரை கொடுக்கும் நாள். கசப்புக்குப் பயந்து பெரிய மீசைக்காரர்கள்கூடக் கக்கூசுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். டிரெசர் விசிலை ஊதுவார். சின்னத்துரை லயத்து வீடுகளைச் சுற்றிப் புயலாகப் போகும். குரைக்காது, கடிக்காது. கைலி முனையைக் கவ்விக்கொண்டு நடக்கும். கைலிதான் முக்கியம் என்று நினைத்தவர்கள் எல்லாரும் கூடவே நடந்து வந்து வாயைத் திறந்தார்கள்.

ஆனால் டிரெசருக்குப் பெருமை வேறொன்றில் இருந்தது. சாப்பாட்டு வாசனை அடித்தால் சின்னத்துரை அதன் முன்னால் உட்கார்ந்துவிடும். "சாப்பிடுங்க" என்று டிரெசர் சொல்லாமல் நாக்கு நீளாது. தீபாவளியன்று ஒரு வீட்டில் அதன் முன்னால் முறுக்கு வைத்தார்கள். அந்த நேரம் பார்த்து டிரெசரைப் பிரசவத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பிள்ளை பிறந்து, குளிப்பாட்டி, அவர் திரும்பி வந்தபோது முறுக்கைக் கோழிகள் தின்று முடித்திருந்தன. நாய் தன் எச்சில் குளத்துக்கு நடுவில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் பிறகு டிரெசரின் கால் தரையில் படவில்லை. பல்வலியோடு வந்தவனுக்கும் இந்தக் கதையைச் சொல்லி முடித்த பிறகுதான் மருந்து.

தீபாவளி முடிந்து வேலை தொடங்கிய அன்று காலை, நாங்கள் ஓடி வரும்போது கேட்டருகில் பால் வெட்டுகிறவர்கள் வாளியும் கத்தியுமாக வரிசையில் நின்றார்கள். வேலிக்கு வெளியே ஒரு கவளம் சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம். காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்ற பயம். பிடிபட்டால் ஜெயில்தான். வழக்கமாகக் காவலுக்கு நிற்கும் பையன்கள் மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். அன்றைக்குப் புதிதாக ஓர் இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு வாளியாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

சின்னத்துரை ஓட்டத்தை நிறுத்தியது. வரிசைக்குள் போய் என் அக்காவின் வாளிக்கு முன்னால் உட்கார்ந்தது. டிரெசரின் முகத்தைப் பார்த்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று தோட்டம் முழுக்கத் தெரியும். அக்கா கைக்குழந்தைக்காரி. மதியம்வரை பசி தாங்காமல் வாளிக்குள் சாக்குத் துணிக்கடியில் வடை வைத்திருந்தாள். அவள் முகம் சாம்பலாகிவிட்டது. இன்ஸ்பெக்டர் நாயைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் வரத் தொடங்கினார்.

டிரெசர் குனிந்து, சப்பாத்துக் கயிற்றைக் கட்டுகிறவர்போல் மெதுவாகச் சொன்னார்.

"சாப்பிடுங்க."

தலை வாளிக்குள் போனது. இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது சாக்குத் துணியும் அதைச் சுற்றி நக்கும் நாக்கும்தான் மிச்சம். இது என்ன என்று மலாயில் அதட்டினார். டிரெசர் கையைக் கட்டிக்கொண்டு மலாயிலேயே பதில் சொன்னார். இது என் நாய், துவான். திருட்டு நாய். என் வீட்டு வடையைத் தூக்கிக்கொண்டு வந்து, கண்ட வாளியில் ஒளித்து வைத்துத் தின்னும். எத்தனை அடித்தும் திருந்தவில்லை.

படித்தவன், ஒரு நாயைப் பழக்கத் தெரியவில்லையா, கட்டிப்போட்டு வளர்க்க மாட்டாயா என்று இன்ஸ்பெக்டர் எல்லாருக்கும் கேட்கும்படி திட்டித் தீர்த்தார். டிரெசர் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் துவான், ஆமாம் துவான் என்றார். மாத்திரைக்குப் பயந்து ஒளிந்த அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அக்கா வாளியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள்.

அன்று டிரெசர் யாருக்கும் முறுக்குக் கதை சொல்லாமலே மருந்து கொடுத்தார். நன்றி சொல்ல வந்த அக்காவைக்கூட, குழந்தைக்கு மருந்து வேண்டுமானால் வா, இல்லையென்றால் போய் வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டார். சாயங்காலம் படியில் உட்கார்ந்து நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தவர், என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, காலையில நான் சொன்னது இவருக்கு வெளங்கியிருக்குமா?"

"எதச் சொல்றீங்க?"

"திருட்டு நாய்னு சொல்லிட்டேனே. அடிச்சேன்னு வேற சொல்லிட்டேன். ஒரு நாளும் அடிச்சதில்ல."

"நீங்க மலாய்லதானே சொன்னீங்க. அவருக்கு மலாய் தெரியாதுலா."

டிரெசர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்படி ஒரு நிம்மதியை அதற்குப் பிறகு நான் எந்த மனிதர் முகத்திலும் பார்க்கவில்லை.

"ஆமால்ல? நான் கத்துக்கொடுக்கவே இல்லையே."

"உள்ள வாங்க மாமா, பனி விழுது" என்றேன். அதன் பிறகு அவரை டிரெசர் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.