மொறுமொறுப்பு மேம்பாட்டுத் திட்டம்

குடிநீர் வாரியம் என்றால் குடிநீர் வழங்கும் இடம் என்று பொதுமக்களில் பலர் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. வாசல் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. உள்ளே வழங்கப்பட்டது முக்கியமாகப் பதில்கள். ‘பரிசீலனையில் உள்ளது’ என்பது ஒரு பதில். ‘மேலிடத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்பது இன்னொன்று. குழாயில் வருவதைவிட இவை தாராளமாகவே வந்துகொண்டிருந்தன.

அந்த அலுவலகத்தின் தலைமை எழுத்தர் அம்மாளுக்கும் சொந்தமாக ஒரு மனு இருந்தது. அவருடைய கணவருக்கு வேறு ஊரில் வேலை. வாரக் கடைசியில் பஸ் பிடித்து வருவார், துணி துவைத்து முடிப்பதற்குள் திரும்பிப் போய்விடுவார். அக்கம்பக்கத்தில் அவருக்குச் ‘சனிக்கிழமைப் புருஷன்’ என்று பேர். அவர் இருக்கும் ஊருக்கே இடமாற்றம் கேட்டு அம்மாள் விண்ணப்பித்திருந்தார். அதுவும் பரிசீலனையில் இருந்தது. அந்தப் பதிலைத் தன் கையாலேயே ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவர் என்பதால் அதன் பொருள் அவருக்கு நன்றாகவே விளங்கியது.

ஒரு சனிக்கிழமை கணவர் துணிப்பைக்குப் பதிலாக ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினார்.

“என்னங்க இது?”

“ஏர் ஃப்ரையர். காத்துலயே பொரிக்கும். எங்க ஆபீஸ்ல இது இல்லாத வீடே இல்ல. நான் மட்டும் தலை குனிஞ்சு உட்கார்ந்திருக்கேன்.”

“இதுல எதைப் பொரிக்கிறது?”

அவர் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். பச்சைப் பட்டாணிக்குத் தூரத்துச் சொந்தம் போன்ற ஏதோ ஒன்று உள்ளே உறைந்து கிடந்தது.

“எடமாமே.”

“எங்க இடமாமே? எனக்கு மாறுதல் வந்துடுச்சா?”

“அட, இடம் இல்லம்மா. எடமாமே. பச்சை சோயா. இப்போ உலகமே இதைத்தான் சாப்பிடுது.”

“உலகத்துக்கு வேற வேலை இல்ல போல.”

முதல் தடவை பாக்கெட் முழுவதையும் கூடையில் கொட்டி வைத்தார்கள். வெந்த பயறு தொளதொளவென்று வந்தது. அம்மாள் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் இன்னொரு பாக்கெட்டைப் பிரித்துப் பயறை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பினார். பூண்டுப் பொடி, மிளகாய்த் தூள், மிளகு, உப்பு எல்லாம் போட்டுப் பிசறினார். பாதியில் கூடையை வெளியே இழுத்து இரண்டு குலுக்குக் குலுக்கினார். ஓரமெல்லாம் சிவந்து, சில பயறுகள் வெடித்துக்கொண்டு வந்தன. வாயில் போட்டால் ‘மொறுக்’ என்றது.

“பாத்தியா! ஒரு சொட்டு எண்ணெய் இல்ல!” என்றார் கணவர்.

“ஒரு ஸ்பூன் ஊத்தினேன். உங்க ஆபீஸ்ல சொல்லிடாதீங்க.”

திங்கட்கிழமை மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு அம்மாள் அலுவலகம் போனார். கூடவே இடமாற்ற விண்ணப்பத்துக்கு ஒரு நினைவூட்டலும் எழுதி எடுத்துப் போனார்.

வாரியத்தின் இயக்குநர் அப்போதுதான் மலையில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த ‘பணியாளர் நல்வாழ்வுக் கருத்தரங்கு’ முடிந்து திரும்பியிருந்தார். உட்கார்ந்திருப்பது உடம்புக்கு ஆகாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். ஆகவே அவருடைய அறையிலிருந்த நாற்காலிகள் எல்லாம் கிடங்குக்குப் போய்விட்டன. அடிகளை எண்ணும் கடிகாரம் ஒன்றை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் மேலும் கீழுமாக நடந்தபடியே நிர்வாகம் செய்தார். கையெழுத்து வேண்டியவர்கள் கூடவே ஓட வேண்டும். கொஞ்சம் பருமனான அதிகாரிகளின் கோப்புகள் பின்தங்கிவிட்டன.

அம்மாள் ஒரு கையில் டப்பாவும் மறுகையில் காகிதமுமாகப் பின்னால் ஓடினார்.

“சார்... இடமாற்றம்... விஷயமா...”

இயக்குநர் நின்றார். அவர் நின்றதைக் கண்டித்துக் கடிகாரம் கீச்சிட்டது.

“எடமாமேயா? நம்ம ஆபீஸ்லயா?”

அவர் பார்வை டப்பாவின்மேல் விழுந்தது. மூடியைத் திறந்து ஒன்றை வாயில் போட்டார். ‘மொறுக்.’ கண்ணை மூடிக்கொண்டார். கருத்தரங்கில் தட்டுத் தட்டாக வைத்திருந்தது இதுதான் என்றும், இதைச் சாப்பிடும் நாடுகளில் ஊழியர்கள் லீவே எடுப்பதில்லை என்றும் சொன்னார். பிறகு அம்மாளின் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கி, படிக்காமல் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

அம்மாள் தன் இடத்துக்கு வந்து காகிதத்தைப் பார்த்தார். அவருடைய இடமாற்ற விண்ணப்பத்தின் தலையில் இப்படி எழுதியிருந்தது: “மிக நன்று. உடனடியாக அனைத்துப் பணியாளர்களுக்கும் விரிவுபடுத்துக.”

மொத்த அலுவலகத்துக்கும் இடமாற்றம் என்று செய்தி பரவி, கணக்குப் பிரிவில் இரண்டு பேர் அழுதார்கள். சாயங்காலம் சுற்றறிக்கை வந்த பிறகுதான் உயிர் வந்தது. ‘மொறுமொறுப்பு வழி ஊழியர் நல்வாழ்வு மேம்பாட்டுத் திட்டம்’ அன்று முதல் அமலுக்கு வந்தது. பொறுப்பு அலுவலர், தலைமை எழுத்தர் அம்மாள்.

இயந்திரங்கள் வாங்குவதில் ஒரு சிக்கல் எழுந்தது. கிடங்கு அதிகாரி விதிப் புத்தகத்தைத் தட்டிக் காட்டினார்.

“பொரிக்கும் இயந்திரம்னா மாசாமாசம் எண்ணெய் ஒதுக்கீடு கட்டாயம்.”

“சார், இது எண்ணெய் இல்லாம பொரிக்கிற மெஷின்.”

“அது மெஷினோட சொந்த விஷயம்மா. விதியில அப்படிப் பிரிச்சுச் சொல்லல.”

எண்ணெய் டின்கள் வந்து இறங்கின. யாரும் தொடாததால் மாதாமாதம் குவிந்தன. கிடங்கில் இடம் போதாமல் குழாய்களும் வால்வுகளும் வெளியே மழையில் போடப்பட்டன.

அடுத்தது தரக் கட்டுப்பாடு. மொறுமொறுப்பு என்றால் என்ன என்று வரையறுக்காமல் அரசுப் பணத்தை எப்படிச் செலவழிப்பது? “சத்தம் வரணும். அதை யாராவது கேட்டுச் சான்று தரணும்” என்றார் இயக்குநர். அப்போதுதான் எல்லோருக்கும் காதுக்காரர் நினைவுக்கு வந்தார்.

காதுக்காரர் வாரியத்தின் கசிவு ஆய்வாளர். ஒரு நீளமான இரும்புக் கம்பியைச் சாலையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்பார். பூமிக்கடியில் எந்த இடத்தில் குழாய் உடைந்து தண்ணீர் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். இப்போது அவரைச் சமையலறைக்கு வெளியே ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு கூடை வந்ததும் ஒரு குமாஸ்தா மெல்லுவார். கம்பியின் ஒரு முனை குமாஸ்தாவின் தாடையில், மறுமுனை இவர் காதில்.

“அக்கா, எனக்கு வெக்கமா இருக்கு” என்று அம்மாளிடம் வந்து நின்றார் காதுக்காரர். “நேத்து ஒருத்தருக்குக் கடைவாய்ப்பல் ஆடுறது கேட்டுச்சு. அதைச் சொல்லலாமா வேண்டாமான்னு தெரியல.”

“அது பல் டாக்டர் அதிகாரம். நீ தலையிடாத.”

சொல்லிவிட்டாரே தவிர, அம்மாளுக்கும் மனசு சரியில்லை. காரணம் ஒரு தையல்காரம்மா. அலுவலகத்துக்குப் பின்தெருவில் தைக்கிறவர். அந்தத் தெருவில் குழாய் நின்றுபோய் நாளாகிவிட்டது. கழுத்தில் அளவு நாடா தொங்க அடிக்கடி வந்து கவுண்டரில் நிற்பார்.

“மேடம், தண்ணி ரோட்டுக்கு அடியில எங்கயோ வீணாப் போகுது. அந்தக் கம்பி வெச்சுக் கேக்கிறவரை ஒரு நாள் அனுப்புங்க. அவ்வளவுதான் கேக்கிறேன்.”

“அவர் மொறுமொறுப்புப் பணியில இருக்காரு” என்றார் அம்மாள். சொன்ன பிறகுதான் தன் வாய் என்ன சொன்னது என்று அவருக்கே உறைத்தது. தையல்காரம்மா கவுண்டரில் வைத்திருந்த கிண்ணத்திலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனார். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு பிடி கொடுக்க உத்தரவாகியிருந்தது. வாய் நிறைய மென்றுகொண்டு யாராலும் புகார் சொல்ல முடியாததால், ‘வாய்மொழிப் புகார்கள் கணிசமாகக் குறைந்துள்ளன’ என்று அறிக்கை போயிற்று.

அம்மாள் தாழ்வாரத்தில் இயக்குநரின் பின்னால் ஓடினார்.

“சார், காதுக்காரரை ஒரே ஒரு நாள் பின்தெருவுக்கு அனுப்பினா...”

“யோசிச்சுப் பாருங்கம்மா. கசிவு எங்க ஓடிடப் போகுது? பூமிக்கடியில அங்கேயேதான் இருக்கும். மொறுமொறுப்பு அப்படியா? ஆறினா போச்சு! எது அவசரம்?”

அதில் நியாயம் இருப்பதுபோலவே அம்மாளுக்குத் தோன்றியது. இதுதான் அவருக்கு மிகவும் பயமாக இருந்தது.

“அப்போ என் இடமாற்றம் சார்?”

“நீங்க போயிட்டா கூடையை யாரு குலுக்குறது?” என்று கேட்டுவிட்டு அவர் படியேறிப் போனார். படிக்குக் கடிகாரம் கூடுதலாக மதிப்பெண் கொடுக்கும்.

அடுத்த வாரம் பின்தெரு மொத்தமும் காலி வாளிகளோடு வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. முன்னால் தையல்காரம்மா. தண்ணீர் வரும்வரை எழுந்திருப்பதில்லை என்று கோஷம். இயக்குநர் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“எத்தனை கூடை ரெடியா இருக்கு?”

“சார், அவங்க தண்ணி கேக்கிறாங்க.”

“நம்மகிட்ட எது இருக்கோ அதைத்தானேம்மா குடுக்க முடியும்?”

அம்மாள் ஒரு முடிவோடுதான் கீழே இறங்கினார். தட்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுக்கச் சொல்லிவிட்டு, இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது, காதுக்காரர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று காட்டிவிடுவது, வேலை போனாலும் போகட்டும், கணவர் ஊருக்கே போய்விடலாம் என்று தொண்டையைக் கனைத்தார். அதற்குள் கோஷம் நின்றுவிட்டது. தெருவே மென்றுகொண்டிருந்தது. ‘மொறுக் மொறுக்’ என்று அத்தனை வாய்களின் சத்தமும் சேர்ந்து சுவரில் எதிரொலித்தது. ஸ்டூலிலிருந்த காதுக்காரர் கம்பி இல்லாமலே காதைப் பொத்திக்கொண்டார்.

“மேடம்” என்றார் தையல்காரம்மா, விரலில் ஒட்டிய காரத்தை நக்கிக்கொண்டு. “நானும் தவணையில அந்த மெஷின் வாங்கியிருக்கேன். எனக்கு இப்படி வர மாட்டேங்குது. நீங்க என்ன பண்றீங்க?”

அம்மாள் சொல்ல வந்தது வேறு. ஆனால் கூட்டம் முழுக்க அவர் வாயையே பார்த்தது. பதினைந்து வருஷ உத்தியோகத்தில் பொதுமக்கள் இவ்வளவு ஆசையோடு அவரைக் கேள்வி கேட்டதில்லை.

“பயறுல ஈரம் இருக்கும். அதுதான் கெடுக்குது” என்றார். “நல்லா துணியில போட்டு ஒத்தி எடுக்கணும். ஒரு பொட்டுத் தண்ணி இருக்கக் கூடாது.”

“தண்ணி இருக்கக் கூடாதா?” தையல்காரம்மா திரும்பித் தன் தெருவைப் பார்த்தார். “அப்போ நம்மள அடிச்சுக்க ஆளே கிடையாது!”

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. இயக்குநர் ஜன்னலில் சிரித்தார். அம்மாளும் சிரித்துவிட்டார். சிரித்தபடியே எல்லோரும் வாளிகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். போராட்டம் சுமுகமாக முடிந்ததாக அன்றே அறிக்கை போனது. பயறின் உப்புக்கு அன்று பொழுது சாயும்வரை பின்தெருவில் தாகம் எடுத்ததைப் பற்றியும் அதில் ஒரு வரி இருந்தது: ‘வாரியத்தின் சேவைக்கான தேவை பொதுமக்களிடையே பெருகிவருகிறது.’

பின்தெரு அதோடு ஓயவில்லை. சில நாள் கழித்து மறுபடியும் திரண்டு, கோஷம் போட்டுக்கொண்டு கிளம்பியது. ஆனால் வாரியத்தைக் கடந்து நேரே எதிர்க் கட்டடத்துக்குப் போய்விட்டது. அது மின்சார அலுவலகம். வீட்டுக்கு வீடு ஏர் ஃப்ரையர் ஓடுவதால் தெருவில் மின்னழுத்தம் போதவில்லையாம். உடனே சரிசெய்ய வேண்டுமாம். மின்சார அலுவலகம் கலங்கிப்போய், இப்படிப்பட்ட கூட்டத்தைச் சமாளித்து அனுபவமுள்ள ஒருவரை அவசரமாகக் கேட்டுக் கடிதம் எழுதியது.

அன்று மாலை அம்மாள் கணவருக்குப் போன் செய்தார்.

“என்னங்க, எனக்கு மாறுதல் வந்துடுச்சு.”

“அடி சக்கை! எப்போ கிளம்புற? வீடு பாக்கட்டுமா?”

“வேண்டாம். எதிர்க் கட்டடத்துக்குத்தான் போட்டிருக்காங்க.”

ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று அம்மாள் காத்திருந்தார். மறுமுனையில் ‘மொறுக்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.