எல்லோருக்கும் பார்ட்னர்

ஆக்லாந்தில் ஓர் ஆங்கிலச் சொல்லை இவரைப் போலக் கசக்கிப் பிழிந்து வேலை வாங்கியவர் வேறு யாரும் இருக்க முடியாது. சொல், 'பார்ட்னர்'. கடைசியில் மனிதருக்கே அதுதான் பெயராகிவிட்டது. மலேசியாவில் ஈப்போக்காரர். கிளென்ஃபீல்டில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் ஓர் அறை எனக்கு.

பாட்மின்டனில் கூட ஆடுபவர் பார்ட்னர். வீட்டைப் பகிர்ந்துகொண்ட நான் பார்ட்னர். பக்கத்து வீட்டு நாயை நடக்கக் கூட்டிப்போவார், அதுவும் பார்ட்னர். விசாவுக்காக ஈப்போவில் காத்திருந்த மனைவி மட்டும் 'வீட்டுக்காரம்மா'.

"அண்ணே, இங்க புருஷன் பொண்டாட்டியத்தான் பார்ட்னர்னு சொல்றாங்க" என்றேன் ஒருநாள்.

"அதுக்குத்தான் ஹஸ்பண்ட், வைஃப்னு இருக்கே லா! வெள்ளைக்காரனுக்குச் சொல்லிக் குடுங்க பார்ட்னர்."

அவர் அலுவலகத்தில் ஆண்டிறுதி விருந்து. 'பார்ட்னரோடு வரவும்' என்று அழைப்பு. என்னை இழுத்துக்கொண்டு போனார்.

"இவர்தான் என் பார்ட்னர். ரொம்ப நாளா ஒரே வீடு. நல்லா ரசம் வைப்பார்" என்று ஆங்கிலத்தில் அறிமுகம் செய்தார்.

மேனேஜர் அம்மாளுக்குக் கண் கலங்கியது. அதுவரை அவரிடம் மழையைப் பற்றி மட்டுமே பேசிவந்த அலுவலகம், வரிசையில் நின்று எங்களைக் கட்டிப்பிடித்தது. தங்கள் பரந்த மனசை யாரிடமாவது காட்ட வேண்டும் என்று வெகுநாளாகக் காத்திருந்தார்கள் போலும். சிறந்த ஜோடிக்கான பரிசுக்கூடையும் எங்களுக்கே.

காரில் விஷயத்தை விளக்கினேன். பரிசு சாக்லேட்டைப் பிரித்தபடி யோசித்தார்.

"இல்லன்னு சொல்லிடுங்கண்ணே."

"எப்படி லா சொல்றது? அவங்களுக்கு எவ்ளோ சந்தோஷம், பாத்தீங்கதானே!"

அடுத்த ஆண்டு விசா கிடைத்து லெட்சுமி அக்கா வந்து இறங்கினார். புருஷனும் பெண்டாட்டியும் இத்தனை நாள் கழித்துச் சேர்ந்திருக்கும்போது நடுவில் நான் எதற்கு என்று, ஆக்லாந்திலேயே மாசி என்ற புறநகர்ப் பகுதியில் அறை தேட ஆரம்பித்தேன். அதற்குள் மறுபடி விருந்து. அக்கா விடவில்லை, மூவருமாகப் போனோம்.

"இவங்க என் வைஃப்" என்றார் பார்ட்னர்.

மேனேஜர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய்த் தோளை அழுத்தி, "மனசு விட்டுப் பேசணும்னா நான் இருக்கேன்" என்றார். ஒருவர் எனக்கு மட்டும் பெரிய கேக் துண்டாகப் பார்த்துக் கொண்டுவந்தார். அக்காவுக்கு ஒருவரும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"என்னா தம்பி, எல்லாரும் என்னைய மொறைக்கிறாங்க?"

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "அதான் ரூம் தேடுறீங்களா?" என்றார்.

"இல்லக்கா, உங்களுக்கு இடைஞ்சலா..."

முடிக்க விடவில்லை. நேராக மேனேஜரிடம் போய், அவர் கையைப் பிடித்து, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார்: "கவலைப்படாதீங்க. தம்பி எங்கயும் போகப் போறதில்ல. மூணு பேரும் ஒண்ணாத்தான் இருப்போம்."

மேனேஜர் கையிலிருந்த ஒயினை ஒரே மடக்கில் முடித்தார்.

அக்கா அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது. எனக்குக் கல்யாணமாகும் வரை அந்த வீட்டில்தான் சாப்பிட்டேன், தூங்கினேன், உரிமையோடு சண்டையும் போட்டேன்.