பவிலு மாஸ்டரின் கதிரை

கதிரை உடைந்தபோது தான் அதில் இருக்கவில்லை என்று அருட்பிரகாசம் பிறகு பல பேரிடம் சொன்னார். கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது இதுதான்.

இருந்தவர் அவரேதான். தோட்டவெளியில் பவிலு மாஸ்டர் வாழ்ந்த வீட்டை ஒரு நிர்வாக சபை திருத்தி, புது ஓடு போட்டு, அவர் பாவித்த சாமான்களை உள்ளே வைத்து, 'இசை மனை' என்று பலகையும் மாட்டியிருந்தது. கோயில் பாட்டுக்கும் கூத்துக்கும் மெட்டுப் போட்டவர் மாஸ்டர். அந்தப் பக்கத்தில் கலியாண வீடானாலும் செத்த வீடானாலும் அவருடைய மெட்டு ஒன்றாவது கேட்கும். ஆகஸ்ட் மாதம் மடுத் திருவிழாவுக்கு வருகிற கூட்டம் இங்கேயும் எட்டிப் பார்க்கும். அவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவது அருட்பிரகாசத்தின் வேலை. மாதக் கடைசிச் சனிக்கிழமை பின்னேரம் முற்றத்தில் கச்சேரி.

ஐஸ் கம்பனியில் மீன் நிறுத்துக்கொண்டிருந்த மனிதருக்கு வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு செய்கிற முதல் வேலை இது. அதை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் கொழும்பிலிருந்து ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்துவிட்டுப் போவாராம்.

சோளகக் காற்று மண்ணை வாரி இறைத்த ஒரு மத்தியானம், பார்வையாளர் யாரும் இல்லாத நேரத்தில், 'இதில் இருக்க வேண்டாம்' என்று தானே எழுதி வைத்த அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மாஸ்டரின் கதிரையில் சாய்ந்தார். உள்ளே கறையான் தன் வேலையை முடித்து வைத்திருந்தது. கதிரை நாலு பக்கமும் பிரிந்தது. அட்டைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"எங்கட வீட்டுக் கதிரையைக் கொஞ்ச நாளைக்குத் தா," என்றார் மனைவி றஞ்சிதத்திடம்.

"அது எங்கட அப்பு தன்ர கலியாணத்திலை மாப்பிளையா இருந்த கதிரை. என்ர சீதனத்தோட வந்தது."

"கச்சேரி முடியுமட்டும்தான். ரெண்டும் ஒரே சாடை, ஒருத்தருக்கும் தெரியாது."

"மாஸ்டர் செத்து எவ்வளவு காலம். அவருக்கு இப்ப என்னத்துக்குக் கதிரை?"

ஒரு மாதிரி இணங்கினாள். இணங்கும்போதே கதிரையைக் கவிழ்த்து, அடியிலிருந்த சிவப்புச் சிலுவைக் குறியைக் காட்டினாள். "இந்தக் குறியோட போகுது. இந்தக் குறியோட வரவேணும்."

அந்த ஊரில் கதிரையும் சமையல் கிடாரமும் ஓரிடத்தில் நிற்பதில்லை. கலியாணம், பிள்ளைகளின் முதல்நன்மை விழா, செத்தவீடு என்று வீடு வீடாக இரவலில் போய்வரும். அதனால் சாமான் மாறிப் போகாமல் வீட்டுக்காரர் அடியில் ஒரு குறி போட்டு வைப்பது வழக்கம். றஞ்சிதத்துக்கு அந்தக் குறியில் இருந்த நம்பிக்கை புருசனில் இல்லை.

அடுத்த நாள் காலையில் பார்வையாளர்களோடு ஒரு ஆள் வந்தார். உயரமானவர், இஸ்திரி போட்ட சேட்டு, வெயிலிலும் மடக்கியே வைத்திருந்த குடை. மற்றவர்கள் மாஸ்டரின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் ஆர்மோனியத்தைத் தூக்கி அடியைப் பார்த்தார். வைத்தார். வெற்றிலைத் தட்டத்தைத் தூக்கி அடியைப் பார்த்தார். வைத்தார். கடைசியில் கதிரையின் கீழே குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை.

"இது எப்ப வந்தது?" என்று கேட்டார்.

"எப்பவும் இஞ்சதான் நிண்டது," என்றார் அருட்பிரகாசம்.

"எப்பவுமோ?"

"மாஸ்டர் இருந்த காலத்திலயிருந்து ஒரு அங்குலம் அசையேல்லை."

அந்த ஆள் "ஓ" என்று சிரித்தார். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பில்லை, பொய் சொல்கிற பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பெயர் கேட்டபோது முனவ்வர் என்றார். ஊர் சிலாவத்துறை என்றார். அதோடு போய்விட்டார்.

அருட்பிரகாசம் கணக்குப் போட்டுப் பார்த்தார். இவர்தான் கொழும்பு ஆள். சிலாவத்துறை என்பது சும்மா சொன்னது. சபையின் செயலாளர் யதுசனிடம் ஓடினார், கதிரை உடைந்ததை விழுங்கிவிட்டு மற்றதைச் சொன்னார்.

யதுசனுக்கும் ஏனோ முகம் வெளிறியது. "மற்றச் சாமான்களைப் பற்றி ஏதும் கேட்டவரோ, அண்ணை?"

"இல்லை. தூக்கித் தூக்கிப் பாத்தவர்."

"பாத்தால் பாக்கட்டும். நீங்கள் கதிரையைப் பற்றியே கதை குடுங்கோ. மற்றதுக்கு விடாதேங்கோ."

உலகத்தில் எத்தனையோ சாமான் இருக்க, பேசக்கூடாத ஒன்றைப் பற்றியே பேசச் சொன்னால் மனிதன் என்ன செய்வான்? முதலில் குறியை மறைக்கவேண்டும் என்று அருட்பிரகாசம் முடிவெடுத்தார். வாசல் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய கறுப்புப் பெயின்ற் இருந்தது. கதிரையின் அடி முழுக்கப் பூசினார். றஞ்சிதத்துக்கு என்ன பதில் சொல்வது என்பதைக் கச்சேரிக்குப் பிறகு யோசிக்கலாம் என்று விட்டார்.

முனவ்வர் மறுபடி வந்தார். ஒரே வீட்டை இரண்டாந்தரம் காசு குடுத்துப் பார்க்கிறவனை யார்தான் நம்புவார்கள்? அருட்பிரகாசம் யதுசன் சொன்னபடியே கதையை அவிழ்த்துவிட்டார்.

"இந்தக் கதிரையிலை இருந்துதான் மாஸ்டர் வியாகுலப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர். கடைசி மூச்சும் இதிலைதான் விட்டவர்."

"ஆசுபத்திரியிலை மோசம்போனவர் எண்டு கேள்விப்பட்டன்."

"கதிரையோடதான் கொண்டுபோனது."

முனவ்வர் கதிரையின் அடியில் கையைவிட்டுத் தடவினார். கையை வெளியே எடுத்தபோது நாலு விரலும் கறுப்பு. கடற்காற்றில் பெயின்ற் காய்ந்திருக்கவில்லை. அவர் விரல்களையும் பார்த்தார், அருட்பிரகாசத்தையும் பார்த்தார். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய் போனை எடுத்தார். அருட்பிரகாசம் யன்னல் துடைப்பதுபோல நின்று காதைக் கொடுத்தார்.

"ஓம், அதேதான்... அண்டைக்குக் குறி இருந்தது, இண்டைக்குப் பெயின்ற் அடிச்சிருக்கு... ஓம், ஆளைப் பாத்தால் பாவமாத்தான் கிடக்கு. ஆனா வாயைத் திறந்தால் பொய்."

அருட்பிரகாசத்துக்கு அழுகை வந்தது. வேலை போவது ஒரு பக்கம். இரண்டு வருசமாக ஒவ்வொரு சாமானையும் தொட்டு, அந்த மெட்டுகளைப் பாடிக் காட்டி, கேட்கிறவர்களின் கண் கலங்கினால் தானும் கலங்கி நின்ற மனிதர் அவர். அவரைப்போய்ப் பொய்யன் என்று ஒருவர் போனில் சொல்கிறார். சொன்னது உண்மையாக இருந்ததுதான் கூடுதலாக வலித்தது.

ஓடிப்போய் ஒரு குளிர்ந்த சோடா வாங்கி வந்து நீட்டினார். "சனிக்கிழமைக் கச்சேரிக்கு நீங்கள் வரவேணும், சேர். முன்வரிசையிலை இருத்துறன்."

"வராமல் விடுவனே? தனிய வரமாட்டன். ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வருவன்."

சோடாவைக் குடிக்காமலே திருப்பித் தந்தார். கறுப்புக் கைரேகை போத்தலில் இருந்தது.

சனிக்கிழமை வரை அருட்பிரகாசம் உடைந்த கதிரையை ஒட்டிப் பார்த்தார். பசை போட்டார், ஆணி அடித்தார், கம்பி சுற்றினார். ஒரு காலை ஒட்டினால் மறுகால் கழன்றது. கடைசியில் கட்டி விறகோடு விறகாக வைத்துவிட்டார்.

கச்சேரிக்கு முற்றம் நிரம்பிவிட்டது. பாடகர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போது முனவ்வர் வந்தார். பக்கத்தில் நரைத்த தலையோடு கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. பெரிய அதிகாரியாகத்தான் இருக்கவேண்டும், கும்பிட்டவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் அசைத்தார். நேரே வீட்டுக்குள் போய், ஆர்மோனியத்தையும் மூக்குக்கண்ணாடியையும் வெற்றிலைத் தட்டத்தையும் ஒரு பார்வை பார்த்தார். உதட்டுக்குள் ஏதோ சிரிப்பு. கதிரைக்கு முன்னால் வந்து நின்றதும் சிரிப்புப் போய்விட்டது.

பொல்லாத காலம், அந்நேரம் பார்த்து றஞ்சிதமும் வாசலில் வந்து நின்றாள். விருந்தாளிகள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள், கதிரை வேணுமாம்.

இனிமேல் மறைக்க ஒன்றுமில்லை என்று அருட்பிரகாசத்துக்குப் பட்டது. கையைக் கட்டிக்கொண்டு அந்த அம்மாவின் முன்னால் போனார்.

"அம்மா, இந்தக் கதிரை மாஸ்டரின்ர இல்லை. அவற்ற கதிரை என்னாலைதான் உடைஞ்சது. இது என்ர வீட்டுக் கதிரை. ஆனால் மற்றதெல்லாம் சத்தியமா அவற்ற சாமான். என்ர வேலையை எடுங்கோ, இந்த வீட்டைச் சந்தேகப்படாதேங்கோ."

வாசலில் நின்ற யதுசன் இருமினான். பிறகு ஒலிபெருக்கிக்காரனிடம் ஏதோ கேட்பவன்போல மெல்ல நழுவினான்.

"உங்கட வீட்டுக் கதிரையோ?" என்றார் அந்த அம்மா.

"ஓம், எங்கடதான்," என்று றஞ்சிதம் முன்னால் வந்தாள். "எங்கட அப்பு மாப்பிளையா இருந்தவர் இதிலை. கலியாணப் படமே கிடக்கு, வேணுமெண்டால் காட்டுறன். இந்த மனுசன் அடியிலை கிடந்த குறியையும் அழிச்சுப்போட்டுது. அதிகாரி அம்மா நீங்கள்தான் வாங்கித் தரவேணும்."

"நான் அதிகாரி இல்லைப் பிள்ளை. கனடாவிலயிருந்து போன மாதம்தான் வந்தனான். இவர் எனக்கு வாகனம் ஓடுற முனவ்வர். இஞ்ச என்னென்ன வைச்சிருக்கினம் எண்டு பாத்துவரச் சொல்லி நான்தான் அனுப்பினனான்." கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "நான் செலீனா. பவிலு மாஸ்டரின்ர மகள்."

கொழும்பு ஆளிடம் மாட்டியிருந்தால்கூட வேலையோடு போயிருக்கும். பெற்ற மகளிடமே தகப்பனின் கதிரை என்று கள்ளக் கதிரையைக் காட்டியாயிற்று. அருட்பிரகாசம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். செலீனா கதிரையின் கையைத் தடவிவிட்டு, அதில் மெதுவாக இருந்தார்.

"அழாதேங்கோ தம்பி. அப்பா தன்ர சாமானுக்கெல்லாம் அடியிலை சிவப்புச் சிலுவைதான் போடுறவர். இந்த வீட்டிலை எங்கட அப்பான்ர சாமான் எண்டு இருக்கிறது, உங்கட மாமனார் கலியாணத்துக்கு இரவல் வாங்கிக்கொண்டு போன இந்தக் கதிரை மட்டும்தான்."