பூ கேட்டு வாங்கிய லேப்டாப்

"அம்மா லேப்டாப்புல என்ன பண்ணுவாங்க சார்?" என்று கேட்டாள் காந்திபுரத்துக் கடையின் விற்பனைப் பெண் ஷ்ரவ்யா.

பாலுசாமி விழித்தார். "ஊட்டு வேலைக்குத்தானுங்க."

"அது சரிங்க சார். படம் பார்ப்பாங்களா, டைப் பண்ணுவாங்களா, வீடியோ கால் பேசுவாங்களா? அதைச் சொன்னீங்கன்னா தகுந்த மாதிரி காட்டுவேன்."

பாலுசாமி பம்புசெட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றும் பிரிவில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கிணற்றின் ஆழத்தைச் சொன்னால் போதும், எத்தனை குதிரைசக்தி மோட்டார் வேண்டும் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். ஆனால் தன் மனைவி நாச்சியம்மாளுக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடிப்பதில் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து தோற்றுக்கொண்டே இருந்தார்.

எது வாங்கிக் கொடுத்தாலும் நாச்சியம்மாள் முகம் சுளித்ததில்லை. "நல்லா இருக்குதுங்க" என்று வாங்கி பீரோவில் வைப்பாள். கொஞ்ச நாளில் அந்தப் பொருள் வேறு ஓர் இடத்தில் இருக்கும். பட்டுப்புடவையை ஒரு கல்யாண வீட்டில் அவருடைய தங்கை கட்டியிருந்தாள். கைக்கடிகாரம் அண்ணன் மகன் மனோஜ்குமாரின் மனைவி கையில் இருந்தது. கால் பிடித்துவிடும் மெஷினில் பக்கத்து வீட்டு உம்மல் குல்சுமின் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கேட்டால், "அவங்களுக்கு நம்மளைவிடத் தேவை இருந்துச்சுங்க" என்பாள். அந்த நல்ல மனசைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும், இவள் யாருக்கும் கொடுக்க மனசு வராமல் தானே வைத்துக்கொள்ளும்படி ஒரு பொருளையாவது நம் கையால் வாங்கித் தர வேண்டும் என்ற ஏக்கம் அவருக்குள் இருந்தது.

இந்த வருடக் கல்யாண நாளுக்கு லேப்டாப் என்று முடிவு செய்ததற்குக் காரணம் உண்டு. பொழுது சாய்ந்ததும் நாச்சியம்மாள் இணையத்தில் திருமுறை வகுப்பில் சேர்ந்து படிக்கிறாள். போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஊசியில் நூல் கோக்கிறவள் மாதிரி முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாடுவாள். அதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை.

நேராகக் கேட்டால், "எனக்கு எதுக்குங்க, போனே போதும்" என்று சொல்லிவிடுவாள். ஆகவே கேட்கக் கூடாது. கேட்காமலே கண்டுபிடிக்க வேண்டும். யோசித்து வருகிறேன் என்று ஷ்ரவ்யாவிடம் சொல்லி, அவள் நீட்டிய நோட்டில் பேரும் போன் நம்பரும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலையிலிருந்து சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவளைக் கவனிக்க ஆரம்பித்தார். அவள் திரும்பிப் பார்த்தாள். பசியாக்கும் என்று இரண்டு தோசை வார்த்துக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். சுண்டல் வந்தது. பிறகு இனிப்புக் கச்சாயம் சுட்டுத் தட்டில் வைத்தாள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறமும் மனுஷர் நகரவில்லை என்றதும் முறுக்கு டப்பாவையே மடியில் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் பாலுசாமிக்குத் தெரிந்த ஒரே சங்கதி, வயிற்றுக்குள் இனி இடமில்லை என்பதுதான்.

அடுத்ததாக ஒரு சின்னப் பொய் சொல்லிப் பார்த்தார்.

"ஏன் அம்மணி, நம்ம மனோஜு சம்சாரத்துக்கு லேப்டாப் வாங்கித் தரலாம்னு இருக்கானாம். ஊட்டுல வெச்சுப் பொழங்கறதுக்கு எப்படி இருந்தாத் தேவலை?"

"அதை அந்தப் புள்ளைகிட்டயே கேட்டுப்போட்டா ஆச்சுங்க" என்ற நாச்சியம்மாள், அவர் கையை நீட்டித் தடுப்பதற்குள் போனில் கூப்பிட்டுவிட்டாள்.

அரை மணி நேரத்தில் மனோஜ்குமார் அழைத்தான். "சித்தப்பா, என்னங்க இப்படிச் செஞ்சுபோட்டீங்க. அவ சாமி படத்துக்கு முன்னால விளக்கேத்தி வெச்சுட்டு, என்ற புருஷன் தங்கம்னு ஊரெல்லாம் போன் பண்ணிட்டு இருக்கறா. நான் புது டயர் மாத்தலாம்னு இருந்தேனுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமையே மனோஜ்குமார் வீட்டுக்கு ஒரு லேப்டாப் வந்துவிட்டது. பாலுசாமி வீட்டில் பருப்பு டப்பா அப்படியே இருந்தது.

மனுஷ யோசனை ஓய்ந்துபோனதால் அவர் செவ்வாய்க்கிழமை தாங்கள் குடியிருக்கும் கணபதிப் பகுதியில் தெருக்கோடி மாரியம்மன் கோயிலுக்குப் போனார். அந்தப் பக்கத்தில் பெண் பார்க்கவும் போர்வெல் போடவும் அம்மனிடம் பூ கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். மனசில் நினைத்துக்கொண்டு எடுத்தால் எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு.

பூசாரி மாசாணம் விஷயத்தைக் கேட்டுத் தாடையைச் சொறிந்தார். "லேப்டாப்பு சின்னதா பெருசான்னு இதுவரைக்கும் யாரும் பூ கேட்டதில்லைங்க. கேட்டுப் பார்ப்போம், அம்மனுக்குத் தெரியாததா. எது எதுக்குன்னு நெனைச்சுக்குங்க."

வெள்ளை வந்தால் சின்னது, சிவப்பு வந்தால் பெரியது என்று பாலுசாமி நினைத்துக்கொண்டார். அவருக்குப் பெரியதன் மேல்தான் ஆசை. கனமாக இருந்தால்தான் மோட்டார் நின்று உழைக்கும் என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை. கும்பிட வந்த ஒருத்தியின் இடுப்பில் இருந்த குழந்தையிடம் தட்டை நீட்டினார் மாசாணம். குழந்தை ஒரு பொட்டலத்தைப் பிடுங்கி நேரே வாயில் வைத்துக்கொண்டது. வாயிலிருந்து மீட்டுப் பிரித்தபோது சிவப்பு அரளி.

அன்றைக்கே பெரிய லேப்டாப்பை வாங்கினார். கல்யாண நாள் வரைக்கும் ஒளித்து வைக்க வேண்டுமே. உம்மல் குல்சுமிடம் கொடுத்தார். துபாயில் வேலை பார்க்கும் அவள் கணவர் அனுப்பியதாகச் சொல்லிவிடலாம் என்றும் அவரே யோசனை சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத குல்சும், அண்ணனுக்காக ஆகட்டும் என்றாள்.

மறுநாளே குல்சும் மதில்மேல் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அக்கா குழம்பு கொண்டு வந்தாங்க. மேசை மேல பார்த்துட்டாங்க. திறந்து காட்டச் சொன்னாங்க. ரெண்டு கையிலயும் தூக்கிப் பார்த்துட்டு, 'ஏங் கண்ணு, இதை அடுப்படிக்கும் கூடத்துக்கும் தூக்கிட்டு நடந்தா இடுப்பு ஒடிஞ்சு போயிருமே, சின்னதா வாங்கப்படாதா'ன்னு கேட்டாங்க."

பாலுசாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டார். நல்ல வேளை, கொடுக்கும் முன்பே தெரிந்தது. கடைக்கு ஓடினார். பெட்டியைப் பிரித்தாகிவிட்டதே என்று மேலாளர் மறுத்தார். "அவங்க அம்மணிக்குப் பரிசுங்க சார், பாவம்" என்று ஷ்ரவ்யா எடுத்துச் சொன்ன பிறகுதான் மனம் இளகினார். சின்னது, கறுப்பு நிறத்தில் வந்தது. அதுவும் குல்சும் வீட்டு மேசைக்கே போனது.

இந்தத் தடவை நாச்சியம்மாள் ரசம் கொண்டுபோனாளாம். சின்னது தேவலை என்றாளாம். ஆனால் எழுத்துத் தட்டுகிற சாவி எல்லாம் இருட்டாக இருக்கிறதே, சாயங்காலம் எழுத்து எப்படித் தெரியும், விளக்கு எரிகிற மாதிரி சாவி இருக்குமாமே என்றும் கேட்டாளாம். கறுப்பில் மாவுக் கை பட்டால் உடனே தெரியும், வெள்ளி நிறம் என்றால் தெரியாது என்றாளாம்.

பாலுசாமி மறுபடியும் கடைக்குப் போனார். அவர் பெட்டியோடு நுழைவதைப் பார்த்ததும் மேலாளர் சாப்பிடப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டார். ஷ்ரவ்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு, வெள்ளி நிறத்தில், விளக்கு எரியும் சாவியோடு ஒன்றை எடுத்து வைத்தாள். இதற்கு மேல் மாற்ற முடியாது என்றும் பணிவாகச் சொன்னாள்.

அது வந்து சேர்ந்து, நாச்சியம்மாளும் குறை சொல்லாமல் பார்த்துவிட்டுப் போன பிறகு குல்சும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணா, எனக்கு நாக்கு கூசுது. ஒரே வாரத்துல மூணு லேப்டாப். என்ற ஊட்டுக்காரர் துபாய்ல கடையே வெச்சுட்டாருன்னு தெருவெல்லாம் பேச்சு. காலையில ரெண்டு பேரு மகனுக்கு விசா கேட்டு வந்துட்டாங்க. தயவு செஞ்சு சீக்கிரம் கல்யாண நாளைக் கொண்டாடுங்க."

கல்யாண நாளும் வந்தது. காலையில் கோயிலுக்குப் போய் வந்து, விபூதி வைத்த நெற்றியோடு இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பாலுசாமி பெட்டியை நீட்டினார். இதையே குல்சும் வீட்டில் பார்த்திருக்கிறாளே, என்ன சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்தார்.

நாச்சியம்மாள் திறந்தாள். ஒரு சாவியை விரலால் தொட்டாள். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

"நல்லா இருக்குதுங்க" என்றாள்.

பாலுசாமிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பட்டுப்புடவைக்கும் கடிகாரத்துக்கும் சொன்ன அதே வார்த்தை. இனி இது யார் வீட்டுக்குப் போகுமோ என்று காத்திருந்தார். தங்கை வந்தபோது லேப்டாப் இருந்த பக்கத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாராவது "உங்களுக்கென்னக்கா, குடுத்து வெச்சவங்க" என்று ஆரம்பித்தால் பேச்சை மழைக்குத் திருப்பினார்.

ஆனால் அது பீரோவுக்குப் போகவில்லை. நாச்சியம்மாள் அதற்குப் பூப்போட்ட துணியில் ஒரு உறை தைத்தாள். மேல் மூடியில் சின்னதாகக் குங்குமம் வைத்தாள். அடுப்படியிலிருந்து கூடத்துக்கும் கூடத்திலிருந்து மாடிக்கும் இடுப்பில் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கிக்கொண்டு நடந்தாள். சாயங்கால வகுப்பில் கண்ணாடி மூக்கின் மேல் இருந்தது, குரல் நிமிர்ந்து ஒலித்தது. மனோஜ்குமாரின் மனைவி ஒரு நாள், "சித்தி, உங்களுது என்னுதைவிட நல்லா இருக்குதே, மாத்திக்கலாமா" என்று விளையாட்டாகக் கேட்டபோது, "அதுமட்டும் கேக்காதே கண்ணு, அவர் எனக்குன்னு பார்த்துப் பார்த்து வாங்கினது" என்று நாச்சியம்மாள் சொன்னது பாலுசாமி காதில் விழுந்தது. அவர் வெளியே போய்த் தென்னை மரத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் விட்டார். அது காலையிலேயே தண்ணீர் விட்ட மரம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தேங்காய் பழத்தோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனார். கற்பூரத் தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மாசாணத்திடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். கட்டினவள் மனசைக் கேட்காமலே அறிந்து வாங்குகிற ஆம்பளை நூற்றில் ஒருத்தன்கூடக் கிடையாது என்றார். ஒரே ஒரு சந்தேகம்தான். அம்மன் சிவப்புப் பூ கொடுத்துப் பெரியதை வாங்கச் சொல்லிவிட்டு, அப்புறம் ஏன் இந்த அலைச்சல்?

மாசாணம் தட்டைக் கீழே வைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று அம்மனை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"சொல்லக் கூடாதுதானுங்க. நீங்க கடையில எழுதிக் குடுத்தது அம்மணி நம்பராமே. கடைக்காரங்க எப்ப வாங்கறீங்கன்னு அவங்களுக்கே போன் பண்ணிட்டாங்களாம். நீங்க பூ கேக்க வர்றதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே அம்மணி இங்க வந்து, 'எனக்கு எது வேணும்னு அவருகிட்டச் சொல்லிப்போடட்டுமா, இல்லை அவரே கண்டுபிடிக்கற மாதிரி விட்டுப்போடட்டுமா'ன்னு பூ கேட்டாங்க, அவரே கண்டுபிடிக்கட்டும்னு அம்மன் வெள்ளைப் பூ குடுத்துருச்சுங்க."