நனைப்பதற்கு மட்டும்

குவாமால் மேட்டில் குடியிருக்கும் உழைக்கும் மக்கள் பயன்பெற்றே தீரவேண்டும் என்று நகர மறுசீரமைப்புத் துறை ஒருநாள் முடிவு செய்தது. அதற்குப் பிறகு அவர்களை யாராலும் காப்பாற்ற முடியவில்லை.

கூட்டம் மாதா கோயில் முற்றத்தில் நடந்தது. துறையின் சார்பில் வந்திருந்தவர் டாக்டர் எவாரிஸ்தோ லொசானோ. அவர் யாருக்கும் ஊசி போட்டதில்லை. தலைநகர் பொகோட்டாவில் படித்துவிட்டுச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தினால் எங்கள் பக்கத்தில் டாக்டர்தான்.

"தயங்காமக் கேளுங்க. இது மக்கள் பங்கேற்புத் திட்டம்."

"தண்ணி," என்றாள் லிபியா கிரோஸ். இருபத்தாறு வருஷமாக அந்த மேட்டில் பள்ளிச் சீருடை தைக்கிறவள்.

"நல்லது. அடுத்தது?"

"அடுத்ததும் தண்ணிதான் டாக்டர். வாரத்துல ரெண்டு நாள் வருது. அதுவும் தையல் நூல் மாதிரி."

டாக்டர் பரிவோடு சிரித்தார். "குழாய் மண்ணுக்கடியில போயிடும்மா. யார் கண்ணுக்கும் தெரியாது. பயன்னா, பார்த்தாத் தெரியணும் இல்லையா?"

"குடிச்சாத் தெரியும்," என்றான் கொத்தனார் அர்ஹெமிரோ.

எல்லோரும் சிரித்தார்கள். 'மக்கள் மகிழ்ச்சியுடன் ஏற்றனர்' என்று கூட்டக் குறிப்பில் ஏறியது.

மூன்று மாதத்தில் மேடு முழுவதும் பதினான்கு நிறங்களில் பளபளத்தது. வெடித்த சுவர்களின் வெடிப்புக்கும் சேர்த்தே வண்ணம் பூசினார்கள். மேலே கம்பிவட வண்டியில் போன வெளியூர்க்காரர்கள் படம் எடுத்தார்கள். ஆனால் அவர்களிடம் கருத்துக் கேட்டபோது ஒரு குறை வெளிப்பட்டது: பால்கனிகளில் உயிரோட்டம் போதவில்லை.

உடனே ஆணை வந்தது. காலை பத்து முதல் மாலை நான்கு வரை ஒவ்வொரு பால்கனியிலும் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருக்க வேண்டும். சொந்தத் துணி கூடாது. சுவரின் அழகைக் கெடுக்கும். துறையே துணி தரும், உள்ளூர்த் தொழிலாளியே அதைத் தைப்பார்.

"முந்நூறு சட்டையா! யார் அளவுக்கு?" என்றாள் லிபியா.

"அளவெல்லாம் வேண்டாம். காயறதுக்கு மட்டும்தான்."

"யாராச்சும் போட்டுக்கலாமா?"

"போட்டாப் பழசாயிடும்மா."

தைத்து முடித்து, பட்டன் வைக்காமலேயே ஒப்படைத்தபோது அவள் கேட்டாள்: "நனைக்கத் தண்ணி எங்க டாக்டர்?"

டாக்டரின் முகம் வெளிறியது. "இங்க தண்ணி இல்லையா? இவ்வளவு பெரிய பிரச்சினையை ஏன் முன்னாடியே சொல்லல?"

மறுநாளிலிருந்து தினமும் லாரி வந்தது. தொட்டியின் மேல் பெரிய எழுத்தில், 'நனைப்பதற்கு மட்டும்'. பக்கத்தில் ஒரு காவலாளி.

அந்த வாரம் அர்ஹெமிரோவின் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவன் வாளியோடு வந்து நின்றான்.

"குழந்தையைக் குளிப்பாட்டணும் அண்ணே. அரை வாளி போதும்."

"குழந்தை பட்டியல்ல இல்லையே," என்றான் காவலாளி. கல்நெஞ்சக்காரன் இல்லை, பட்டியலை இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

பார்த்துக்கொண்டிருந்த லிபியா அரசாங்கச் சட்டை ஒன்றை எடுத்துத் தொட்டியில் முக்கினாள். சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு அர்ஹெமிரோவின் வீட்டுக்குள் போய், பாத்திரத்தில் பிழிந்தாள். திரும்பி வந்து மறுபடியும் முக்கினாள். ஏழாவது நடையில் வரிசை அவளுக்குப் பின்னால் கோயில் வரை நீண்டிருந்தது. சாயம் நன்றாகப் போகும்வரை மேட்டில் எல்லார் வீட்டுச் சூப்பும் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. குழந்தையும்தான்.

ஒரு சட்டை நாளொன்றுக்கு நாற்பது முறை நனைவதை ஆய்வாளர் கண்டுபிடித்தார். 'துவைப்பதில் மக்கள் காட்டும் பேரார்வம்' என்று அறிக்கை போனது. டாக்டருக்குப் பதக்கம் கிடைத்தது. லாரித் தண்ணீரே தாராளமாகப் பாய்வதால், வாரத்தில் இரண்டு நாள் வந்த குழாய்த் தண்ணீரையும் இரட்டைப் பயன் கூடாது என்று சொல்லி நிறுத்தினார்கள்.

அடுத்த மேடான பால்மிட்டாவிலிருந்து பெண்கள் குழு ஒன்று வெற்றியை நேரில் காண வந்தது. தலைவி ரொஸ்மிராவை லிபியா சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"குழாய் கேளு ரொஸ்மிரா. வேற எதுக்கும் கையெழுத்துப் போடாத. இங்க சட்டையைப் பிழிஞ்சுதான் உலை வைக்கிறோம். வந்துக்கிட்டிருந்த தண்ணியும் போச்சு."

ரொஸ்மிரா பாத்திரத்தைப் பார்த்தாள், வெளியே மஞ்சள் சுவரைப் பார்த்தாள்.

"சுவருக்கு வண்ணம், வாசல்ல லாரி. உங்களுக்கு எல்லாம் வந்தாச்சு. எங்களுக்கு வரப்போ மட்டும் வேண்டாமாக்கும்!"

வெளியே போனாள், டாக்டர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். கீழே தன் கையாலேயே எழுதினாள்: 'குவாமாலுக்குக் கொடுத்ததில் இரண்டு மடங்கு.'

டாக்டரின் கண்கள் கலங்கின. "மக்களே கேக்கறாங்க! லிபியாம்மா, அறுநூறு சட்டை. முடியுமா?"

லிபியா அவரைப் பார்த்தாள். படியில் துள்ளிக்கொண்டு இறங்கும் ரொஸ்மிராவைப் பார்த்தாள். அவளுக்கு எத்தனை பிள்ளைகள் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டாள்.

"முடியும் டாக்டர். துணி மட்டும் கெட்டியா எடுத்துக் குடுங்க."

"ஏன்?"

"நல்லாத் தண்ணி பிடிக்கும்."

'மக்கள் கோரிக்கை: கெட்டித் துணி' என்று டாக்டர் எழுதிக்கொண்டார். மறுசீரமைப்புத் துறையின் வரலாற்றில் மக்கள் கேட்டு அன்றைக்கே நிறைவேறிய கோரிக்கை அது ஒன்றுதான்.