சுற்றவாளியாக மறுத்த மாறாட்டக் காக்கா

கல்முனைக் கரையில் பிறந்தவர்களில், மாறாட்டக் காக்காவைப் போல அடுத்தவர் பொருளை அத்தனை சுத்தமான மனசோடு தூக்கிப் போனவர் வேறு எவரும் இல்லை. பள்ளிவாசலுக்கு ஒரு செருப்போடு போய் இன்னொரு செருப்போடு வருவார். ஒருமுறை முன்பின் தெரியாத வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட்டு, மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுத பிறகுதான், தன் மருமகனின் கல்யாணம் அடுத்த தெருவில் என்று அவருக்குத் தெரிந்தது.

அவர் எங்கள் பாடசாலைக் காவலாளி; எல்லாருக்கும் அண்ணன் முறை, அதனால்தான் காக்கா. நான் அங்கே எழுதுவினைஞர்.

ஒரு நாள் சந்தைக்கு முன்னால் திறப்பு, அதாவது சாவி, செருகியபடி நின்ற கறுப்பு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நாவிதன்வெளிக்கு வயல் பார்க்கப் போய்விட்டார். அவருடைய கறுப்பு வண்டி சந்தையின் மறுபக்கம் நின்றது. வரம்பில் வைத்துப் பிடித்த பொலிஸிடம், "நல்ல நேரம் வந்தீங்க. இண்டைக்கு இந்த வண்டிர பிரேக் சரியில்ல" என்று முறையிட்டாராம்.

வழக்கு வந்தது. குற்றமற்றவருக்கு நீதிமன்றத் தமிழில் சுற்றவாளி என்று பெயர். அது காக்காவுக்குத் தெரியாது.

"நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று நீதவான் கேட்டார்.

காக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது. "ஊரெல்லாம் சுத்துற ஆளா நான்?" என்று தாடிக்குள் முணுமுணுத்தார். பிறகு மண்டபம் அதிர, "குற்றவாளி, ஐயா!" என்றார்.

அபராதமும் ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் கிடைத்தன. மானம் தப்பியது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்.

அடுத்த மாதம் கல்விக் கந்தோரிலிருந்து வேலைநீக்கக் கடிதம் வந்தது. களவுக் குற்றவாளி காவலாளியாக இருக்க முடியாது. அதை என்னிடம் வாசிக்கத் தந்தார்.

"தம்பி, நான் களவெடுத்தனெண்டா எழுதியிருக்கு?"

"ஓம் காக்கா."

கடிதத்தைத் திரும்ப வாங்கி நாலாக மடித்தார். "என்ட பிள்ளைகளும் இத வாசிப்பாங்களே."

அன்றே சட்டத்தரணி ஒருவரிடம் கூட்டிப் போனேன். இளம் பெண். "குத்தத்த ஒத்துக்கொண்டா மேன்முறையீடு லேசில்ல காக்கா. மீளாய்வு மனுதான் போடணும். ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"மகள், நல்ல மனிசனுக்கும் கள்ளனுக்கும் ஒரே மாதிரிப் பேர் வச்சா மாறாட்டம் வராதா?"

யோசித்தால் எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது.

வழக்கேட்டைப் புரட்டிய சட்டத்தரணி ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். தண்டனைக்கு முன், சொல்ல ஏதும் உண்டா என்று கேட்டதற்கு, 'என்ட வண்டியெண்டு நினைச்சித்தான் எடுத்தன்' என்று காக்கா சொன்னது பதிவாகியிருந்தது. தன் வண்டி என்று நினைத்து எடுத்தவர் களவை ஒப்புக்கொண்டவர் ஆவாரா? மேல் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்றது. தீர்ப்பை ரத்துச் செய்து, வழக்கை முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னது.

அதே கேள்வி திரும்பவும் வந்தது. ஒரு கிழமையாக நாங்கள் அவரைப் பாடமாக்க வைத்திருந்தோம். "சுற்றவாளி" என்றவர், திரும்பி என்னைப் பார்த்து, "சரியா தம்பி?" என்றார். நீதவானே சிரித்துவிட்டார்.

விசாரணையன்று இரண்டு வண்டிகளையும் முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். உங்கள் வண்டியைக் காட்டுங்கள் என்றதும், வண்டியைப் பறிகொடுத்த முறைப்பாட்டுக்காரர் நேரே போய்க் காக்காவின் வண்டியில் தன் திறப்பைப் போட்டுத் திருகினார். காக்கா விடுதலையானார்.

மறுநாள் காலை பாடசாலை வாசலில் மறுபடி அவர்தான் நின்றார். என்னைக் கண்டதும் கைகளைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இல்லாட்டி நான் கள்ளனாவே மௌத்தாகி மண்ணுக்குப் போயிருப்பன், ஜவாத் தம்பி."

என் பெயர் ஜவாத் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் அந்தப் பெயரில் கூப்பிடும் போதெல்லாம் ஓம் காக்கா என்று ஓடிப் போகிறேன்.